ஒரு 'கடி'யான வரலாறு

இதைப் படிச்சுக்கிட்டிருக்கும்போதே ஒரு சின்ன வேலை செய்யுங்க. வாயை லேசாத் திறந்து, மெதுவா மூடி, பல்லோட பல் படற மாதிரி கடிங்க. இன்னொரு தடவை. இன்னும் ஒரே ஒரு தடவை. மூணு தடவையும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒரே இடத்துலதான் வந்து உட்கார்ந்திருக்கும். யோசிச்சா கடிச்சீங்க? இல்லை. பல்வேரைச் சுத்தி மெல்லிசா ஒரு நார்ப்படலம் இருக்கு. அதில் இருக்கும் நரம்பு முனைகள்தான் கீழ்த்தாடைக்கு வழி சொல்லிக்கிட்டே இருக்கின்றன. சோத்துல ஒரு பொடிக்கல் கிடந்தாலும் சட்டுன்னு கண்டுபிடிச்சுத் தாடையை நிறுத்துறதும் அதே நரம்புகள்தான்.

இப்போ ஒரு பல்லுகூட இல்லாத வாயை நினைச்சுப் பாருங்க. பல் போகும்போது அந்த நார்ப்படலமும் நரம்பும் கூடவே போய்விடுகின்றன. வழிகாட்டி இல்லாத கீழ்த்தாடை, காதுக்கு முன்னாடி இருக்கும் ரெண்டு மூட்டுகளில் ஊஞ்சல் மாதிரித் தொங்குகிறது. முன்னே போகும், பக்கவாட்டில் போகும், மூக்கும் மோவாயும் முட்டிக்கொள்கிற அளவுக்கு மேலேயும் போகும். இந்த வாய்க்குத்தான் பல்செட் செய்யணும். மேல் செட்டும் கீழ் செட்டும் எந்த இடத்தில் சந்திக்கணும்? எவ்வளவு உயரத்தில் சந்திக்கணும்?

கேட்க ரொம்பச் சின்னக் கேள்வி. இதுக்கு விடை தேடி பல் மருத்துவர்கள், உடற்கூறு நிபுணர்கள், கடைசியில் ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர் வரைக்கும் இருநூறு வருஷத்துக்கு மேல் மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. (மண்டையோட்டையும் அளந்தாங்க.) அந்தக் கதைதான் இந்தப் பதிவு. தலைப்பைப் பார்த்து கடி ஜோக்குன்னு நினைச்சு வந்தவங்க பொறுத்தருள்க. இது பொக்கைப் பதிவு, மொக்கைப் பதிவா இல்லையான்னு நீங்கதான் பின்னூட்டத்துல சொல்லணும் :-)

டிஸ்கி: நான் பல் டாக்டர் இல்லை. பழைய மருத்துவ வரலாறு கையில் கிடைச்சா கீழே வைக்காம படிக்கிற கேஸ், அவ்வளவுதான்.

பல்செட் வெச்சிருக்கும் பெரியவங்க வீட்டில் இருந்தால் இந்தக் காட்சி உங்களுக்கும் பழகியிருக்கும். கல்யாணத்துக்குப் போகும்போது செட் வாயில் இருக்கும். பந்தியில் உட்கார்ந்ததும் கழட்டி கைக்குட்டையில் சுருட்டி மடியில் வெச்சுக்குவாங்க. எங்க அம்மாச்சி இப்படித்தான். "ஊருக்குப் போகப் பல்லு, சோறு திங்க ஈறு" என்பார். ஏன்னு கேட்டா "லூசா இருக்குடா" என்று ஒரே பதில். டாக்டர்களும் இதே பதிலைத்தான் நிறையக் கேட்டிருக்காங்க. ஆனா லூசுன்னு சொல்றது பல சமயம் லூசே கிடையாது. அது கடியில் வந்த பிசகு. தாடை கொஞ்சம் முன்னே தள்ளி நிற்கும்போது அளவெடுத்துட்டாங்கன்னு வைங்க. நிஜமா மெல்லும்போது தாடை தன் இடத்துக்குப் பின்னாடி போகும். அப்போ மேல்பல்லும் கீழ்ப்பல்லும் இடிச்சு, செட்டையே ஈறிலிருந்து நகட்டும். நகர்ந்த இடத்தில் புண். உயரம் கூடிப்போனால் பேசும்போது 'டக் டக்'னு சத்தம், உதடு சேராது, சாயங்காலமானா தாடை வலி. குறைஞ்சுபோனால் முகம் சப்பிப் போய், வாய் ஓரத்தில் எச்சில் தேங்கிப் புண்ணாகும். செட்டைப் போட்டவர் தன் வயசைத் திட்டிக்கிட்டு அதைத் தூக்கி டம்ளரில் போட்டுடுவார். அதுக்கப்புறம் ரசஞ்சோறும் குழைஞ்ச இட்லியும்தான். ஒரு மனுஷன் முறுக்கு கடிக்கிறதும் கடிக்காததும் ஒரு மில்லிமீட்டர் சமாச்சாரம்.

சரி, வரலாறுக்கு வருவோம்.

முழுப் பல்செட்டுன்னு எடுத்துக்கிட்டா நாம் முதலில் போக வேண்டிய ஊர் பாரிஸும் இல்லை, லண்டனும் இல்லை, ஜப்பான்! வக்காயாமா என்ற ஊரில் 1538-ல் இறந்துபோன ஒரு புத்த பிக்குணியின் மேல்செட் இன்னிக்கும் பத்திரமாக இருக்கிறது. இறுகிய மரத்தில் ஒரே துண்டாகச் செதுக்கியது. புத்தர் சிலை செதுக்குகிறவர்கள் இந்த வேலையையும் பார்த்திருக்காங்க. இந்த மரபில் பின்னாளில் வந்த கைவினைஞர்களின் முறை ரொம்ப எளிமை: தேன்மெழுகில் ஈறுக்கு அச்செடு, மரத்தைச் செதுக்கு, வாயில் சிவப்புச் சாயம் தடவி செட்டைப் பொருத்திப் பார், சாயம் ஒட்டின இடத்தைச் சுரண்டு, மறுபடி பொருத்து. செட் ஈறில் ஒட்டிக்கொள்ளும் வரைக்கும் இதேதான். எந்த இயந்திரமும் கிடையாது. வாய்தான் பட்டறை.

ஐரோப்பாக்காரர்களுக்கு அந்த ஒட்டுகிற வித்தை அப்போ பிடிபடலை. 1728-ல் பியர் ஃபோஷார் தன் புகழ்பெற்ற பல் மருத்துவ நூலை பாரிஸில் வெளியிட்டார். நவீன பல் மருத்துவத்தின் தந்தைன்னு அவரைத்தான் சொல்றாங்க. அவர் மேல்செட்டை நிற்க வைக்க எஃகு ஸ்பிரிங்கை நம்பினார். மேல்செட்டையும் கீழ்செட்டையும் இரண்டு பக்கமும் ஸ்பிரிங்கால் இணைத்துவிடுவது பிற்பாடு ஊரெல்லாம் பரவிய வழக்கம். ஸ்பிரிங் எப்பவும் ரெண்டையும் விலக்கித் தள்ளிக்கிட்டே இருக்கும். வாயை மூடி வெச்சிருக்கணும்னா போட்டிருப்பவர்தான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கணும். அசந்தா வாய் தானே 'ஆ'ன்னு திறந்துக்கும்.

இந்தக் கொடுமைக்கு உலகப் புகழ் பெற்ற சாட்சி ஜார்ஜ் வாஷிங்டன். 1789-ல் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியாகப் பதவி ஏற்கும்போது அவர் வாயில் மிச்சமிருந்த சொந்தப் பல் ஒன்றே ஒன்று. மரப்பல் வெச்சிருந்தார் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்லும் கதை சுத்தப் பொய். ஜான் கிரீன்வுட் என்பவர் அவருக்கு நீர்யானைத் தந்தத்தில் செட் செய்து கொடுத்தார். அதில் மனிதப் பற்களும் இருந்தன. வாஷிங்டனின் மவுன்ட் வெர்னன் பண்ணைக் கணக்கில் 1784-ஆம் ஆண்டு ஒரு வரி இருக்கிறது: ஒன்பது பற்களுக்காகக் கறுப்பின மக்களுக்குக் கொடுத்த பணம். அந்தப் பண்ணையில் இருந்தவர்கள் அடிமைகள். அந்தப் பற்கள் யார் வாய்க்குப் போயின என்று கணக்கில் எழுதவில்லை. ஆனால் விற்கிறதா வேண்டாமான்னு தீர்மானிக்கும் நிலையில் அவங்க இல்லைங்கறது மட்டும் நிச்சயம்.

நம்ம விஷயத்துக்கு முக்கியமானது வாஷிங்டனின் புகார்தான். செட் உதட்டை வெளியே தள்ளுகிறது, முகம் உப்பித் தெரிகிறது என்று கடைசிக் காலம் வரை கிரீன்வுட்டுக்குக் கடிதம் எழுதிக்கிட்டே இருந்தார். 1796-ல் கில்பர்ட் ஸ்டூவர்ட் வரைந்த படத்தைப் பாருங்க. அந்த இறுகின வாய், கோபத்தில் இறுகினது இல்லை; ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டுற வாய்.

ஒரு விதத்தில் ஸ்பிரிங் ஒரு சௌகரியம். கடி கன்னாபின்னான்னு இருந்தாலும் செட்டை இழுத்துப் பிடிச்சு வெச்சுக்கும். ஸ்பிரிங்கைத் தூக்கி எறிந்த பிறகுதான் கடியின் பிசகுகள் எல்லாம் அம்பலமாகின. அது நடந்தது 1800-வாக்கில். ஃபிலடெல்ஃபியாவில் ஜேம்ஸ் கார்டெட் என்ற பல் மருத்துவர் ஒரு அம்மாவுக்கு மேல்செட் செய்து கொடுத்தார். ஸ்பிரிங் மாட்ட அப்புறம் வரேன்னு சொல்லிட்டு, போக நேரமில்லாமல் மாதக்கணக்காகிவிட்டது. கடைசியில் போய்ப் பார்த்தால் அந்த அம்மா ஸ்பிரிங்கே இல்லாமல் போட்டுக்கிட்டு ஜம்முன்னு இருக்காங்க! ஈரமான ரெண்டு கண்ணாடித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பிரிக்க முடியாதில்லையா, அதே சங்கதி. எச்சில்தான் பசை. ஜப்பானிய மரச்செட் பிடித்து நின்றதும் இதே விதத்தில்தான்.

ஆனால் எச்சில் பசை நேராக இழுத்தால்தான் தாங்கும். ஒரு பக்கம் சாய்த்தால் காத்து புகுந்து, செட் கழன்று விழுந்துடும். வலது பக்கம் ஒரு பாக்கைக் கடிச்சா இடது பக்கம் செட் தூக்கக் கூடாது. அப்படின்னா கடி சரியா இருந்தே ஆகணும்.

கடியை எடுக்கும் வழி ஒன்று அதற்கு முன்பே இருந்தது. பிரஷ்ய மன்னர் மகா ஃபிரெடரிக்கின் பல் மருத்துவர் ஃபிலிப் ப்ஃபாஃப் (பெயரைச் சொல்றதுக்கே பல் வேணும் போல) 1756-ல் எழுதிய நூலில், இளக்கிய மெழுகை வாயில் வைத்துக் கடிக்கச் சொல்லி, அந்தத் தடத்தைக் கொண்டு மேல், கீழ் அச்சுகளைச் சேர்க்கும் முறையைச் சொல்லியிருந்தார். அச்சுகளைப் பிளாஸ்டரில் வார்க்கும் முறையும் அதிலேயே இருந்தது. எளிமையான, அழகான முறை. கோளாறு எங்கேன்னா, 'கடிங்க'ன்னு சொன்னா பல்லில்லாதவர் எப்படிக் கடிப்பார்? வருஷக்கணக்கா முன் ஈறால் மென்று பழகினவர். தாடையை முன்னே தள்ளித்தான் கடிப்பார். மெழுகோ அவர் எங்கே கடிச்சாலும் 'சரிங்க'ன்னு வாங்கிக்கும். மெத்துமெத்துன்னு இருக்கும் மெழுகில் தாடை எவ்வளவு உள்ளே போகணும்கிறதுக்கும் கணக்கு கிடையாது.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ரெண்டு விஷயங்கள் சேர்ந்து பல்செட்டை ஏழைகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன. 1844-ல் ஹோரஸ் வெல்ஸ் சிரிப்பு வாயுவையும், 1846-ல் வில்லியம் மார்ட்டன் ஈதரையும் பயன்படுத்திக் காட்டினார்கள். பல் பிடுங்குவது வலியில்லாத வேலையாயிற்று, பிடுங்கித் தள்ளினாங்க. கூடவே குட்இயர் குடும்பத்தின் கெட்டி ரப்பர் வந்தது. வல்கனைட்னு பேர். தங்கத்துக்கும் தந்தத்துக்கும் பதிலாக ரப்பரில் செட். மலிவு, ஈறுக்கு அச்சாகப் பொருந்தும். 1864-ல் இதற்கு ஒரு காப்புரிமை கொடுக்கப்பட்டு, ஒரு கம்பெனி கையில் சிக்கி, அமெரிக்கப் பல் டாக்டர்களிடம் கப்பம் வசூலித்தது. வழக்கு மேல் வழக்கு போட்டு விரட்டிய கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கனை, 1879-ல் சான் ஃபிரான்சிஸ்கோ ஹோட்டல் ஒன்றில் சாமுவேல் சால்ஃபன்ட் என்ற பல் மருத்துவர் சுட்டே கொன்றுவிட்டார். 1881-ல் காப்புரிமை காலாவதியானது. (இது தனிப் பதிவுக்கான விஷயம். இங்கே விட்டுடறேன்.)

ஆக, லட்சக்கணக்கான பொக்கை வாய்கள், மலிவான செட். கடி மட்டும் பழைய மெழுகுக் கடி. அச்சுகளைப் பிடிச்சு வைக்கக் கீல் மாதிரி ஒரு கருவி அப்போ புழக்கத்தில் இருந்தது, பெயர் ஆர்ட்டிகுலேட்டர். வாய்க்கு ஒரு பொம்மைன்னு வெச்சுக்கலாம். மேல் அச்சு மேலே, கீழ் அச்சு கீழே, நடுவில் கதவுக் கீல். திறக்கும், மூடும். அவ்வளவுதான்.

நம்ம தாடை கதவு இல்லை. ஆள்காட்டி விரலைக் காதுக்கு முன்னாடி வெச்சுக்கிட்டு வாயை நல்லாத் திறந்து பாருங்க. முதலில் ஒரு குமிழ் சுழலும், அப்புறம் அது வழுக்கி முன்னே போகும். விரலுக்கே தெரியும். சுழற்சியும் வழுக்கலும் சேர்ந்த இந்த அசைவை இரும்பில் செய்து காட்டணும்னு கிளம்பினவர்தான் வில்லியம் பான்வில். அமெரிக்காவின் டெலாவேர்காரர். நிறையத் தாடைகளை அளந்து பார்த்துட்டு, 1858-ல் ஒரு முடிவுக்கு வந்தார். ரெண்டு மூட்டுக் குமிழ்களுக்கும் இடையே நாலு அங்குலம். ஒவ்வொரு குமிழிலிருந்தும் கீழ் முன்பற்கள் சந்திக்கும் புள்ளிக்கும் நாலு அங்குலம். அச்சு அசல் சமபக்க முக்கோணம்! அந்த அளவில் ஒரு ஆர்ட்டிகுலேட்டர் செய்தார். அது வெறுமனே திறந்து மூடாமல் பக்கவாட்டிலும் முன்னேயும் நகர்ந்தது. மெல்லும்போது செட் சாயாமல் இருக்க வலது, இடது, முன்பக்கம் என்று மூணு இடத்திலும் பல் தொடணும் என்றார். முக்காலிக்கு மூணு காலும் தரையில் இருந்தால்தானே நிற்கும். முழுப் பல்செட்டுக்கு இன்னிக்கும் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிற சமநிலைக் கடிக்கு வேர் இதுதான்.

பான்வில் அளவில் ஒரு பிழை இருந்தது. மூட்டுக் குமிழ் கிடைமட்டமாக முன்னே போகும்னு கருவியை அமைச்சுட்டார். நிஜத்தில் அது முன்னேயும் கீழேயும் சரிந்து போகுது, சறுக்குமரத்தில் குழந்தை இறங்குற மாதிரி. இதைச் சரியாகச் சொன்ன ஒருத்தர் 1866-லேயே இருந்தார். இங்கிலாந்தின் பிளிமத் நகரப் பல் மருத்துவர் பால்க்வில். லண்டனில் சங்கக் கூட்டத்தில் கட்டுரை வாசித்தார். குமிழ் சரிந்து போவதைச் சொன்னார். மூட்டோடு சேர்த்த முக்கோணத்துக்கும் பற்கள் கூடும் தளத்துக்கும் நடுவே சராசரி 26 டிகிரி கோணம் இருக்குன்னு அளந்து சொன்னார். கேட்டவர்கள் கை தட்டினார்களோ என்னவோ, அப்படியே மறந்துட்டாங்க. பான்வில்லிடம் கருவி இருந்தது, ஊர் ஊராகப் பேசும் வாயும் இருந்தது. பால்க்வில்லிடம் ஒரு கட்டுரை மட்டும். அடுத்த நூற்றாண்டில்தான் தோண்டி எடுத்தாங்க. பின்னூட்டமே வராத நல்ல பதிவு எழுதினவங்களுக்கு இந்த வலி புரியும்.

1890-ல் ஜெர்மனியின் கீல் நகரில் ஃபெர்டினாண்ட் ஷ்பே என்ற உடற்கூறு அறிஞர், மண்டையோடுகளைப் பக்கவாட்டில் பார்த்து, கீழ்ப்பற்களின் நுனி நேர்க்கோட்டில் இல்லை, தொட்டில் மாதிரி வளைந்து பின்னால் ஏறுதுன்னு காட்டினார். ஊர்ப் பேரும் கீல், கருவியிலும் கீல் :-) 1899-ல் பஃபலோ நகரத்து ஜார்ஜ் ஸ்னோ 'ஃபேஸ்போ' என்ற வில் போன்ற கருவியைக் கொண்டுவந்தார். மேல்தாடை மூட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்குன்னு அளந்து அதே தூரத்தில் அச்சை ஆர்ட்டிகுலேட்டரில் மாட்ட அது உதவும். கதவின் கீலை நாலு விரற்கடை தள்ளி மாட்டினால் கதவு வேறு வட்டம் போடும் இல்லையா, அதே தர்க்கம். 1905-ல் கோபன்ஹேகனின் கார்ல் கிறிஸ்டென்சன் ஒரு சுவாரசியமான விஷயத்தைக் கவனிச்சார். மேலும் கீழும் மெழுகுச் சுவர் கட்டி, தாடையை முன்னே நீட்டச் சொன்னா, முன்பக்கம் மெழுகு தொடும், பின்பக்கம் ஆப்பு வடிவில் வாயைப் பிளந்து ஒரு இடைவெளி வரும். குமிழ் கீழே சரிவதுதான் காரணம். அந்த இடைவெளியில் மெழுகை வைத்தால் சரிவின் கோணமே கையில் கிடைச்சிடும்! உயிருள்ள ஆளின் மூட்டுக்குள் போகாமல் மூட்டின் சரிவை அளக்கும் வழி.

இதையெல்லாம் சேர்த்துக் கட்டியவர் சூரிச்சின் ஆல்ஃபிரட் கீசி. என் கணக்கில் இந்தக் கதையின் நாயகர் அவர்தான். 1910-ல் அவர் செய்த ஆர்ட்டிகுலேட்டரைப் பார்த்தால் கடிகாரமும் தறியும் கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரி இருக்கும். அதைவிட முக்கியம் அவர் பரப்பிய ஒரு படம் வரையும் முறை. மேல்தாடையில் ஒரு ஊசி, கீழ்த்தாடையில் ஒரு தட்டு (மாற்றியும் வைக்கலாம்). தாடையை வலது, இடது, பின்பக்கம் என்று நகர்த்தச் சொன்னால் ஊசி தட்டில் ஒரு அம்புமுனை வரையும். பழைய தேவாலய ஜன்னல் வளைவு மாதிரி இருப்பதால் 'கோதிக் ஆர்ச்'னு பேரு வெச்சாங்க. அந்த அம்பின் உச்சிதான் தாடையின் வீடு. எங்கிருந்து வலதுக்குப் போனாலும் இடதுக்குப் போனாலும் கிளம்புகிற இடம் அதுதான். 'கடிங்க'ன்னு சொல்லிட்டு மெழுகை நம்பிக்கிட்டிருந்த காலம் போய், தாடையே தன் விலாசத்தை எழுதிக் கொடுக்க ஆரம்பிச்சது.

அதுக்கப்புறம் நடந்தது சண்டை. சாதாரணச் சண்டை இல்லை, சைவ வைணவச் சண்டை ரேஞ்சுக்கு. மின்னசோட்டாக்காரர் ஜார்ஜ் மான்சன் 1920-வாக்கில், பற்கள் எல்லாம் எட்டு அங்குல விட்டமுள்ள ஒரு உருண்டையின் மேல் அமைந்திருக்கு, அதன் மையம் புருவ மத்தியில்னு சொன்னார். ரூபர்ட் ஹால், உருண்டை இல்லை, கூம்புன்னார். ஆளுக்கொரு கோட்பாடு, ஆளுக்கொரு கருவி. அந்தக் கருவி வாங்கினா அதுக்கேத்த பல்லும் வாங்கணும். வியாபாரமும் கலந்த விஞ்ஞானம்.

இந்தக் கூச்சலுக்கு நடுவே வந்தவர்தான் நான் முதலில் சொன்ன இன்ஜினியர், ருடால்ஃப் ஹனாவ். 1926-ல் பற்களின் கூடலை இன்ஜினியருக்கே உரிய பாணியில் விதிகளாக எழுதினார். அஞ்சு விஷயம் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டிருக்கு என்றார்: மூட்டின் சரிவு, முன்பல்லின் சரிவு, பற்கள் கூடும் தளம், பின்னால் ஏறும் வளைவு, பல்முகட்டின் உயரம். ஒன்றை மாத்தினா இன்னொன்றை மாத்தணும். பல் மருத்துவ மாணவர்கள் இன்னிக்கும் தேர்வுக்கு மனப்பாடம் பண்ற அஞ்சு. இதில் டாக்டர் கையை வைக்க முடியாதது மூட்டின் சரிவு மட்டும்தான். அது நோயாளி கூடவே வந்தது.

எனக்கு ஹனாவைப் பிடிச்சதுக்குக் காரணம் இந்த விதிகள் இல்லை. விதியை எழுதின அதே ஆள், தன் கருவியின் எல்லையையும் எழுதி வெச்சார். ஈறு மெத்தை மாதிரி அமுங்கும், செட் அதில் மிதக்குது, மெழுகும் அமுங்கும், அதனால் இரும்பில் எடுத்த கணக்கு வாயில் அப்படியே வராதுன்னு சொன்னார். 'ரியலெஃப்'னு அதுக்கு ஒரு பெயரும் கொடுத்தார். தன் சரக்கு எங்கே வேலை செய்யாதுன்னு சொல்லி விற்கிற வியாபாரியை நீங்க எத்தனை பேரைப் பார்த்திருக்கீங்க?

இவ்வளவு நேரமும் தாடை 'எங்கே' என்ற கேள்விதான் ஓடிக்கிட்டிருந்தது. 'எவ்வளவு உயரத்தில்' என்ற கேள்வியை இரும்பால் தொடவே முடியலை. அதுக்கான துப்பு கிடைச்சது ஓய்வில். 1934-ல் நிஸ்வாங்கர் என்ற அமெரிக்கர், மனுஷன் சும்மா இருக்கும்போது பல்லும் பல்லும் தொடுவதில்லை, நடுவில் கிட்டத்தட்ட 3 மி.மீ. இடைவெளி இருக்குன்னு அளந்தார். (இப்போ உங்க பல் தொட்டுக்கிட்டு இருக்கா? இருந்தா தாடையைத் தளர விடுங்க, டென்ஷன் ஆகாதீங்க.) அப்போ வழி சுலபம். பல்லில்லாதவரை நிமிர்ந்து உட்கார வைத்து, எச்சில் விழுங்கச் சொல்லி, தளர விட்டு, மூக்கு நுனிக்கும் மோவாய்க்கும் இடையே அளந்து, அதில் 2-லிருந்து 3 மி.மீ. குறைச்சா கடியின் உயரம் வந்துடும்.

1942-ல் தாம்ப்சன், பிராடி என்று ரெண்டு பேர் எக்ஸ்ரே ஆதாரத்தோடு, இந்த ஓய்வு நிலை ஆயுசுக்கும் மாறாதுன்னு அறிவிச்சாங்க. டாக்டர்களுக்கு ஏக சந்தோஷம், கடைசியில் அசையாத ஒரு புள்ளி கிடைச்சதேன்னு! 1956-ல் டக்ளஸ் அட்வுட் பல் பிடுங்குவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை வெச்சு, அதெல்லாம் இல்லை, மாறுதுன்னு போட்டு உடைச்சார். ஆளுக்கு ஆள் மாறுது, பல் போனா மாறுது, ஒரே ஆளுக்கே ஒரே உட்காரலில்கூட மாறுது.

மிச்சம் இருந்தது பேச்சு. 1950-களில் மேயர் சில்வர்மேன், 'ஸ்' என்று சொல்லும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ரொம்பக் கிட்டே வரும், ஆனால் தொடாது, அந்த இடைவெளியைப் பிடிச்சு உயரத்தைச் சோதிக்கலாம்னு காட்டினார். செட்டைப் போட்டு 'ஸ்' சொல்லும்போது பல் இடிச்சா உயரம் கூடிப்போச்சு. 'ம்' சொல்லச் சொல்வதும் உண்டு. உதடு சேர்ந்து தாடை தளரும் எழுத்து. நம்ம ஊரில் இதுக்குன்னு வார்த்தை தேட வேண்டியதில்லை. 'அம்மா'ன்னாலே போதும்.

தாடையின் 'வீடு' எதுங்கறதிலும் கொஞ்சம் வேடிக்கை உண்டு. அதுக்கு சென்ட்ரிக் ரிலேஷன்னு பேரு. 1956-ல் முதல் தடவையாக வந்த செயற்கைப் பல் துறையின் கலைச்சொல் அகராதி, குமிழ் மூட்டுக் குழிக்குள் எவ்வளவு பின்னால் போகுமோ அந்த இடம்னு சொன்னது. 1987 பதிப்பில், இல்லை, முன்னேயும் மேலேயும் இருக்கும் இடம்னு மாத்திட்டாங்க. அந்த வருஷம் யாருடைய தாடையும் நகர்ந்ததாகத் தெரியலை. நல்ல வேளையா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற நோயாளிக்கு இது தெரியாது. டாக்டரும் அகராதியைப் பார்த்துக் கடி எடுப்பதில்லை. நாக்கு நுனியை அண்ணத்தின் கடைசிக்கு மடிச்சுக்கிட்டு மூடுங்க, எச்சிலை விழுங்குங்க, தலையைக் கொஞ்சம் பின்னே சாய்ச்சுக்கோங்க, இப்படியெல்லாம் சொல்லி, முன்னே ஓடுற தாடையைக் கெஞ்சிக் கூத்தாடி வீட்டுக்கு அழைச்சிட்டு வருவாங்க. அவசரப்பட்டு மோவாயைப் பிடிச்சு அழுத்தினா தசை எதிர்த்துக்கிட்டு இன்னும் முன்னே ஓடும். இந்த அரை மணி நேரப் பொறுமைக்கு எந்தக் காப்புரிமையும் கிடையாது.

2005-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் கவாய் என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்ட முடிவு, இந்த வரலாறு முழுக்கப் படிச்சுட்டு வந்தவனைச் சிரிக்க வைக்கும். நூறு பேருக்கு மேல் பல்லில்லாதவர்களைச் சீட்டுப் போட்ட மாதிரி ரெண்டாகப் பிரிச்சாங்க. ஒரு பாதிக்கு ஃபேஸ்போ, நல்ல ஆர்ட்டிகுலேட்டர்னு முழு சம்பிரதாயத்தோட செட். மறு பாதிக்கு ஃபேஸ்போ இல்லாத எளிய முறை. மாதங்கள் கழிச்சு திருப்தியைக் கேட்டா ரெண்டு கோஷ்டிக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை.

அப்போ ஸ்னோவும் கீசியும் ஹனாவும் வீண் வேலை பார்த்தாங்களா? எனக்கு அப்படித் தோணலை. எளிய முறைக்காரர்கள் விட்டது ஃபேஸ்போவைத்தான். கடியை எடுப்பதை அவர்களும் விடலை. பொம்மையைச் சுருக்கலாம், பொம்மைக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்த ஒரு அளவைச் சுருக்க முடியலை. அதில் மில்லிமீட்டர் தவறினால், எவ்வளவு விலையுயர்ந்த கருவியானாலும் தவறை அச்சுப் பிசகாமல் காப்பி எடுத்துக் கொடுக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சரியாக எடுத்த கடியும் அப்படியே நிற்காது. ஆன்ட்யே டால்கிரென் 1972-ல் வெளியிட்ட ஆய்வு பல்செட் போட்டவர்களை 25 வருஷம் வரை தொடர்ந்து பார்த்தது. பல் போன எலும்பு தேய்ஞ்சுக்கிட்டே இருக்கு, கீழ்த்தாடையில் மேல்தாடையைவிடச் சுமார் நாலு மடங்கு. எலும்பு தேய, செட் கீழே இறங்க, உயரம் குறைய, தாடை முன்னே சுழன்று வர, ஆரம்பத்தில் கச்சிதமாக இருந்த கடி சத்தமில்லாமல் பிசகிப் போகும். அதனால்தான் வருஷக்கணக்காகப் போட்ட செட் திடீர்னு 'லூசா'வது. வீட்டில் யாராவது செட்டை டம்ளரில் போட்டுட்டு ஈறால் சாப்பிட்டுக்கிட்டிருந்தால், டாக்டர்கிட்ட 'லூசா இருக்கு'ன்னு மட்டும் சொல்லாம, 'கடியையும் ஒரு தடவை பாருங்க'ன்னு கேளுங்க.

இப்போ வாயை ஸ்கேன் பண்ணி, கணினியில் பல்லை அடுக்கி, மெஷினில் கடைஞ்சு எடுக்கிற செட் வந்தாச்சு. அச்சு கணினியில், ஆர்ட்டிகுலேட்டரும் கணினித் திரையில். ஆனா பல்லே இல்லாத வாயில் மேலுக்கும் கீழுக்கும் என்ன உறவுன்னு ஸ்கேனரால் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. அதுக்கு வாயில் ஒரு மெழுகுச் சுவரையோ, கீசி பரப்பிய அந்த ஊசியும் தட்டையுமோ வெச்சு, "விழுங்குங்க... தளர விடுங்க... மெதுவா மூடுங்க"ன்னு ஒரு டாக்டர் சொல்லித்தான் ஆகணும்.

பேக்கன் கொலைக் கதை அடுத்த பதிவில்.